பலாமரத்தடியிலிருந்து மாமியார் அறைக்குள் வந்தவன்

சேசு மரி சூசை துணை.

என் அண்ணன் பெற்ற செல்வமகள் நஸ்ஸூனாவுக்கு, மசாக்கா பங்கு விருந்தாளி விடுதியிலிருந்து உன் அத்தை நபதான்சி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும், உன் அப்பா முபிருவும், உன் அம்மாவும், உங்க வீட்டு மாடும், அது போன வாரம் போட்ட கன்னும் சுகம். அங்கே வடக்கே குலுவில் உன் சுகத்துக்கும், உன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவங்க சுகத்துக்கும் செபமாலையில ஒரு பங்கு தினமும் கூடுதலாச் சொல்றேன். எனக்கு முழங்கால் வலி இருக்கு, அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தாச்சு, அவரு இன்னும் வாங்கிக்கல.

இதை ஏன் அத்தை காகிதத்துல எழுதுறான்னு கேப்பே. போன்ல சொன்னா அது அந்தக் கலுலே மாட்டிவச்ச வைஃபை பெட்டி வழியாத்தான் போகும். அவனைப் பத்தின விஷயத்தை அவன் பெட்டி வழியாவே அனுப்புற அளவுக்கு நான் இன்னும் புத்தி கெட்டுப் போகல. மருந்து வாங்க வடக்கே வர்ற சிஸ்டர் கையில கொடுத்தனுப்புறேன். உறை ஒட்டின இடத்துல பேனாவால மூணு சிலுவை போட்டிருக்கேன். ஒரு சிலுவை கலைஞ்சிருந்தாலும் எனக்குத் தகவல் சொல்லு, சிஸ்டரா இருந்தாலும் கேட்டுடுவேன்.

நீ மூணு தடவை கேட்டுட்டே, கலுலே உன்னைப் பொண்ணு கேட்டு எழுதின கடிதத்தை அப்பாகிட்டக் கொடுத்தாச்சா அத்தைன்னு. கொடுக்கல. என் செபப் புத்தகத்துல, நல்ல மரணத்துக்கான மன்றாட்டு இருக்கிற பக்கத்துல அப்படியே இருக்கு. வடக்கே போய் ஆறு வருஷம் ஆச்சே, நம்ம வழக்கம் உனக்கு மறந்திருக்கும். பொண்ணு கேக்கிற கடிதம் அத்தை கை வழியாத்தான் அப்பன் கைக்குப் போகணும். அத்தை கொடுக்கலேன்னா அவன் நாப்பது பேரைக் கூட்டிக்கிட்டு வெள்ளை அங்கி போட்டு வந்தாலும் வேலிக்கு வெளியதான் நிப்பான். ஈஸ்டர் கழிஞ்சதும் விழா வைக்கணும்னு அவங்க ஆளுங்க பறக்கிறாங்கன்னு நீ சொன்னே. பறக்கட்டும். நான் ஏன் கொடுக்கலேன்னு முழுசா எழுதுறேன், உக்காந்து படி.

பையன் கம்ப்யூட்டர்காரன்னு நீ சொன்னப்பவே எனக்கு மனசுல ஒண்ணு உறுத்திச்சு. வாத்தியார்னா பள்ளிக்கூடம் இருக்கும், காப்பிக்காரன்னா தோட்டம் இருக்கும், போய்ப் பாத்துடலாம். இவன் வேலையை எங்க போய்ப் பாக்கிறது. அந்த நேரம் பாத்து நம்ம லுபோவா சாமியார் விடுதிக்கு வைஃபை வேணும்னு புலம்பிக்கிட்டிருந்தார், வெளிநாட்டுலேருந்து வர்ற விருந்தாளிங்க பெட்டியைக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடி அதைத்தான் கேக்கிறாங்களாம். நான் சொன்னேன், எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், புண்ணியத்துக்குச் செய்வான், கூரையில மாட்டற பெட்டி மட்டும் வாங்கித் தாங்க போதும்னு. யாருன்னு சொல்லல. வேலை செய்யவிட்டுப் பக்கத்துல உக்காந்து பாத்தா ஆளு தெரிஞ்சுடும்னு கணக்கு. வந்தான். சர்க்கரை, சோப்புக்கட்டி, ரொட்டின்னு முறையாத்தான் கொண்டாந்தான். ஒரு கிலோ சர்க்கரை மரியாதை. இவன் ரெண்டு கிலோ கொண்டாந்தான். மறைக்க எதுவும் இல்லாதவனுக்கு ரெண்டாவது கிலோ எதுக்கு. வந்ததும் "அத்தை"ன்னான். கடிதம் கை மாறுற வரைக்கும் நான் உனக்கு மேடம்னேன். "சரிங்க மேடம் அத்தை"ங்கறான். குனிஞ்ச தலை நிமிராமச் சொல்றான், அதான் எனக்குப் பிடிக்கல.

ஆபீஸ் அறையில ஞானஸ்நானப் பதிவு அடிக்கிற பழைய கம்ப்யூட்டர் இருக்கே, அதைக் கேட்டான். பதிவையெல்லாம் வேற இடத்துல பத்திரமா எடுத்து வச்சுட்டு மிச்சத்தை வழிச்சுத் துடைச்சுட்டு லினக்ஸ்னு ஒண்ணை உள்ள ஏத்தினான். முன்னாடியெல்லாம் அதைத் திறந்தா பச்சைப் புல்லு, நீல வானம், பாக்கவே செபம் பண்ணத் தோணும். இப்ப கறுப்புச் சிலேட்டு, அதுல ஒரு கோடு மட்டும் மினுக்கு மினுக்குன்னு எவனையோ கண்ணடிச்சுக் கூப்பிடற மாதிரி. கேட்டா, இதுதான் தலைமையாம், கூரையில மாட்டப்போற மூணு வைஃபை பெட்டியும் இது சொன்ன சொல்லு கேட்டு நடக்குமாம். நான் அவன் முதுகுக்குப் பின்னாடி நாற்காலி போட்டு, கையில செபமாலையோட உக்காந்துட்டேன். முதல்ல ஏதோ கேட்டுச்சு, இவன் விரல் பன்னெண்டு தடவை தட்டிச்சு, நான் மணி உருட்டி எண்ணினேன், திரையில ஒரு புள்ளிகூட வரல.

"நீ அடிச்சது எங்கே?"ன்னேன்.

"உள்ள போயிருக்கு மேடம் அத்தை. கடவுச்சொல். இந்த மெஷின் அதை வெளிய காட்டாது."

"நட்சத்திரம் மாதிரி வருமே, அதாவது காட்டலாமில்ல?"

"எத்தனை எழுத்துன்னுகூட பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான்."

பின்னாடி உக்காந்திருந்தது யாரு, நான்தான். பன்னெண்டுன்னு நான் சொல்லிக்கல, மனசுல வச்சிருக்கேன். அதுக்கப்புறம் அந்தச் சிலேட்டு எதை எதையோ இறக்கணும், சம்மதமா சம்மதமான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இவன் ஒரு தடவைகூட முழுசாப் படிக்கல, ஆமா, ஆமான்னு தட்டிக்கிட்டே போறான். கோயில்ல சாமியார் உன்னைக் காட்டி சம்மதமான்னு கேக்கிறப்பவும் இதே பழக்கத்துல சொன்னா அந்தச் சம்மதத்துக்கு என்ன மரியாதைன்னு யோசிச்சுப் பாரு. பின்னாடி அந்தத் தலைமைக்கு உள்ள ஏத்துற துணைச் சாமான் ரெண்டு வேணும்னான், ஒண்ணு பழசாவே வேணுமாம், இன்னொண்ணு புதுசாத்தான் வருமாம், பழசை வச்சா புதுசு முறைக்குது, புதுசை வச்சா பழசு கிளம்பிப் போயிடுது. ஒரே முற்றத்துல ரெண்டு பொண்டாட்டி வச்சவன் படற பாடு. ஒரு நாள் பூரா நடுவுல நின்னு பஞ்சாயத்துப் பண்ணி ரெண்டையும் இருக்க வச்சான். சாமியார் கைதட்டினார். நான் தட்டல. ரெண்டு பேரை ஒரே வீட்டுல சமாதானமா வைக்கத் தெரிஞ்ச ஆம்பளையைப் பாத்து எந்த அத்தை கைதட்டுவா.

மறுநாள் கூரையில பெட்டி மாட்டினான். சாப்பாட்டுத் தட்டு மாதிரி வெள்ளையா வட்டமா, நடுவுல நீல வெளிச்சம். ரெண்டு பெட்டி மாட்டின உடனே தலைமையைத் தேடிக் கண்டுபிடிச்சு வணக்கம் சொல்லிடுச்சு. ஆபீஸ் அறைக்கு மாட்டின மூணாவது மட்டும் அசையல. அது சாமியாருக்கு மறைமாவட்டத்துல தெரிஞ்சவங்க கொடுத்த பழைய பெட்டி. கலுலே ஏணி மேல நின்னுக்கிட்டு, இது ஏற்கெனவே வேற ஒரு தலைமைக்கு வாக்குக் கொடுத்திருக்கு மேடம் அத்தை, அதான் நம்மளை ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்குதுன்னான். பாரு, அந்தப் பெட்டி மேல எனக்கு ஒரு மரியாதை வந்துச்சு. இவன் என்ன செஞ்சான் தெரியுமா. சட்டையில குத்தியிருந்த ஊக்கை எடுத்து, பெட்டி முதுகுல ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அதுல விட்டு அழுத்திப் பிடிச்சுக்கிட்டு பத்து எண்ணினான். அவ்வளவுதான். பழைய சம்பந்தம் மொத்தமும் மறந்து, நேத்துப் பொறந்த குழந்தை மாதிரி முழிச்சுக்கிட்டு நம்ம தலைமைகிட்ட வந்து சேந்துடுச்சு.  ஏணியைப் பிடிச்சுக்கிட்டே நேருக்கு நேராக் கேட்டுட்டேன்.

"தம்பி, உனக்கு முன்னாடி எங்கயாச்சும் வாக்கு இருந்துச்சா? யாராச்சும் பத்து எண்ணினாங்களா?"

ஏணி ஆடிச்சு. "இல்லைங்க. நான் கடையிலேருந்து நேரா வந்த பெட்டிங்க"ன்னான்.

பதில் சட்டுனு வந்துச்சு. சட்டுனு வர்ற பதில் முன்னாடியே தயார் பண்ணி வச்ச பதில். அதையும் குறிச்சு வச்சேன்.

பெட்டியில கண்ணு இருக்கான்னு கேட்டேன், இல்லேன்னான். எதுக்கும் இருக்கட்டும்னு என் அறை வாசல்ல இருக்கிற பெட்டிக்கு, சோபாவுக்குப் போடறதுக்காக நான் பின்னி வச்ச வெள்ளைப் பூத்துணியைக் கட்டிவிட்டேன். அழகாத்தான் இருக்கு. ஆனா கண்ணு அங்க இல்ல, தலைமை மெஷின்ல இருக்கு. அவனோட மடிக்கணினியில ஒரு பக்கத்தைத் திறந்து சாமியாருக்குக் காட்டினான், நானும் எட்டிப் பாத்தேன். விடுதியில இருக்கிற ஒவ்வொரு போனும் பேரோட வரிசையா நிக்குது, எந்தப் பெட்டிக்குக் கீழ நிக்குதுங்கறது வரைக்கும். வெள்ளிக்கிழமை, தபசுக் காலம், ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடுன்னு காலையில பிரசங்கத்துல சொன்ன உபதேசியார் போன் சமையல்கட்டுப் பெட்டிக்குக் கீழ நாப்பது நிமிஷமா நிக்குது. நான் போய்ப் பாத்தேன். கடலைக் குழம்போட, வாழைக்காயை அவிச்சு மசிச்ச மத்தோக்கே ஒரு குன்று. இது எனக்கு உபயோகம்தான், மறுக்கல. ஆனா ஒரு புருஷன் கையில இப்படி ஒரு பக்கம் இருந்தா நீ கிணத்தடியில எத்தனை நேரம் நின்னேங்கறது வரைக்கும் அவனுக்குத் தெரியும். நீ என்னைவிட அதிகமாப் பேசறவ.

இதெல்லாம் நான் பொறுத்துக்குவேன். பொறுக்க முடியாதது செவ்வாய்க்கிழமை நடந்துச்சு. இந்த வழக்கமாச்சும் உனக்கு நினைவிருக்கும், மாமியாரும் மருமகனும் ஒரே அறையில இருக்கக் கூடாது, ஒருத்தரை ஒருத்தர் தொடக் கூடாது, ஒருத்தர் உக்காந்த இடத்துல இன்னொருத்தர் உக்காரக் கூடாது. மீறினா கைநடுக்கம் வரும், சாகிற வரைக்கும் நிக்காது. செவ்வாய்க்கிழமை மண்டபத்துக்கு வெள்ளையடிச்சாங்கன்னு உங்கம்மாவோட மரியாயின் சேனைக் கூட்டத்தை ஆபீஸ் அறையில போட்டுட்டாங்க, எனக்கு யாரும் சொல்லல. கலுலே சிலேட்டு முன்னாடி உக்காந்திருக்கான். வெளிய உங்கம்மா சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு, உங்கம்மா சிரிப்பு சந்தை வரைக்கும் கேக்கும். பையன் சட்டுனு எழுந்தான். மடிக்கணினியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, பின்பக்கக் கதவு வழியா, செருப்பு ஒண்ணை விட்டுட்டு ஓடினான். பாத்தேன், மனசு குளுந்துச்சு. பத்துக்கு ஏழு மார்க் போட்டேன், நாற்காலியையும் எடுத்து மாத்தி வச்சேன், உங்கம்மா அதுல உக்காந்துடக் கூடாதேன்னு.

பெண்டுகள் பத்துப் பேர் உக்காந்து செபம் தொடங்கினாங்க. டீ வந்துச்சு. உங்கம்மா அந்த மெஷினுக்குக் கைக்கெட்டுற தூரத்துல, முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. செபமாலையில மூணாவது பத்து சொல்றப்ப நான் கண்ணைத் திறந்தேன், செபத்துல கண்ணைத் திறந்தது என் குத்தம், பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். அந்தக் கறுப்புச் சிலேட்டுல எழுத்து ஓடுது. ஆள் இல்ல. வரி வரியா மேல ஏறுது, கூரைப் பெட்டி வெள்ளையா சிமிட்டுது, நீலமாகுது, மறுபடி சிமிட்டுது. நான் அருள்நிறையை வாயில வச்சுக்கிட்டே பின்பக்கம் போனேன். பலாமரத்தடியில வேர் மேல உக்காந்து, ஒத்தைச் செருப்போட, மடியில கணினியை வச்சுத் தட்டிக்கிட்டிருக்கான்.

"இங்க உக்காந்து என்ன பண்றே?"

"தலைமை மெஷினைத்தான் மேடம் அத்தை. இங்கேருந்தே பண்ணலாம், கிட்டப் போகவே வேண்டாம். உகாண்டாவுல எந்த மூலையில இருந்தாலும் பண்ணலாம்."

"அப்ப உள்ள சிலேட்டுல ஓடற எழுத்து?"

"நான்தாங்க."

 அறையில மாமியார். மாமியாருக்கு முழம் தள்ளி மெஷின். மெஷினுக்குள்ள இவன் கை. உடம்பை மரத்தடியில விட்டுட்டு ஆள் மாமியார் அறைக்குள்ள உலாத்துறான், அதையும் பெருமையா எங்கிட்டச் சொல்றான். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள உள்ள ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா உங்கம்மா கை நடுங்கி, டீ மொத்தமும் புது அங்கி மேல கொட்டிக் கிடக்கு. அந்த நிமிஷமே நடுக்கம். இன்னும் என்ன சாட்சி வேணும். போதாததுக்கு மரத்தடிக்குத் திரும்பி வந்து அவன் மடியில இருந்த பக்கத்தைப் பாத்தேன், போன் பேரெல்லாம் நிக்குதே, அந்த வரிசையில உங்கம்மா போன், அதுக்கு நேர் கீழ கலுலே போன், நடுவுல ஒரு கோடுகூட இல்ல. ரெண்டும் ஒரே பெட்டிக்குக் கீழ.

நான் சொன்னதும் அவன் முகம் வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப் போச்சு. வழக்கத்தை மீறணும்னு செய்யல, உடம்பு மட்டும்தான் கணக்குன்னு நினைச்சேன்னான். யார் கணக்குப் போட்டுக் கொடுத்தான்னேன். உடனே போனை வைஃபையிலேருந்து பிடுங்கினான். அப்புறம் ஒரு மணி நேரம் தலை குனிஞ்சு தட்டினான். உங்கம்மாவுக்குன்னு தனியா ஒரு வைஃபை வழி போட்டான். "அம்மா அவர்களுக்கு மட்டும்"னு அதுக்குப் பேரு. அதுல போற போனும் மத்த வழியில போற போனும் ஒண்ணை ஒண்ணு பாக்கவே முடியாதாம், நடுவுல சுவர் இருக்காம். பெட்டி ஒண்ணு, சுவர் ஒண்ணு, வழி ரெண்டு. "என் ஆயுசுக்கும் நான் அதுல கால் வைக்க மாட்டேன் மேடம் அத்தை, மாதா மேல ஆணை"ன்னான். சுவரைக் காட்டுன்னேன். காட்ட முடியாது, கண்ணுக்குத் தெரியாதுன்னான். கடவுச்சொல் கண்ணுக்குத் தெரியல, கை கண்ணுக்குத் தெரியல, இப்ப சுவரும் கண்ணுக்குத் தெரியல. நான் விசுவாசப் பிரமாணத்துல காணப்படாதவைன்னு சொல்றதையெல்லாம் ஏத்துக்கிட்டவதான், ஆனா அதையெல்லாம் படைச்சது சர்வேசுரன், கலுலே இல்ல.

அதனால நான் முடிவு பண்ணிட்டேன் நஸ்ஸூனா. அவன் பொண்ணு கேட்ட கடிதம் உங்கப்பா கைக்குப் போகாது. நாளைக்கே போய் உங்கப்பாகிட்ட விஷயத்தைச் சொல்லிடறேன், மாமியார் தடையை மீறினவனுக்கு என்ன பரிகாரமோ அதை உங்கப்பாவே சொல்லட்டும். நீ அழாதே. தொடக்கப் பள்ளியில ஒரு கணக்கு வாத்தியார் இருக்கார், கரும்பலகையில எழுதினா எழுத்துத் தெரியும், அறையில இருந்தா அறையில இருக்கார், வெளிய போனா வெளிய இருக்கார். மூக்கு கொஞ்சம் பெரிசு. உனக்கு இதுல மனசு ஒப்பலேன்னா ஒன்பது நாள் நவநாள் செபம் சொல்லு, பத்தாவது நாள் ஒப்பும்.

குளிர்ல தலைக்குத் துணி கட்டிக்கோ. டியூட்டி முடிஞ்சு சாப்பிடாமப் படுக்காதே. வேதசாட்சிகள் அத்தனை பேரும் உன் வாசல்ல காவல் நிப்பாங்களாக, மாதா தன் முந்தானைக்குள்ள உன்னை வச்சுக்குவாளாக. உங்கப்பா, உங்கம்மா, லுபோவா சாமியார், எல்லாருடைய ஆசீரும் உனக்கு. கலுலே ஏதோ சொல்லச் சொன்னான், அதை நான் எழுதல.

இப்படிக்கு, உன் நன்மையைத் தவிர வேறெதையும் நினைக்காத அத்தை,
நபதான்சி.

பின்குறிப்பு: சிஸ்டர் வண்டிக்கு டயர் போச்சு, ரெண்டு நாள் தள்ளிப் போச்சு, அதுக்குள்ள நடந்ததை எழுதுறேன். உங்கப்பாகிட்டப் போனேன். மாடு கறந்துக்கிட்டிருந்தான். அண்ணா, மாமியார் இருக்கிற அறைக்குள்ள மருமகன் வந்துட்டான், கைநடுக்கம் வந்துடுச்சு, பரிகாரம் பண்ணணும்னு மூச்சு விடாமச் சொன்னேன். அவன் காம்பிலேருந்து கையை எடுத்துட்டு நிதானமாத் திரும்பி, "எந்த மருமகன்?"னு கேட்டான்.  வாழைத்தோப்புக்குள்ளேருந்து உங்கம்மா குரல் கொடுக்கிறா, "ஒத்தைச் செருப்போட ஓடினானே, அவன்தான். என்னைப் பாத்து இந்த ஊர்ல வேற எவன் ஓடுறான்? அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. டீக் கப்பு சூடுடி நபதான்சி, பிடி வேற உடைஞ்சிருந்துச்சு. கை நல்லாத்தான் இருக்கு." அதோட விட்டாளா, அந்தத் தனி வழி ரொம்ப நல்லாயிருக்கு, அதை யாரும் எடுத்துடக் கூடாதுன்னு வேற சொல்றா. உங்கப்பா கையைத் துடைச்சுக்கிட்டு வந்து என் முன்னாடி நின்னான். "அவன் மருமகன் இல்லேன்னா எந்த அறையில வேணா உக்காரலாம், எந்த மெஷினை வேணா தட்டலாம், உன் புகார் செல்லாது. மருமகன்தான்னா, எனக்கு வரவேண்டிய கடிதம் எங்கே?"ன்னான். நான் மாட்டையும் கன்னையும் பாத்தேன், அதுங்க ஒண்ணும் சொல்லல. செபப் புத்தகத்தைத் திறந்து எடுத்துக் கொடுத்துட்டேன்.

ஈஸ்டர் கழிஞ்ச ரெண்டாவது சனிக்கிழமைன்னு குறிச்சாச்சு, லீவு சொல்லிட்டு வா. மேல எழுதினதைக் கிழிச்சிருப்பேன், ஆனா எட்டுப் பக்கம், காகிதம் வீணாப் போகும். விழாவுல நாப்பது பேர் ஒரே மாதிரி வெள்ளை அங்கி போட்டு உக்காந்திருப்பாங்க, நடுவுல நடந்து போய் மாப்பிள்ளை இவன்தான்னு கையைப் பிடிச்சு எழுப்புறது அத்தை வேலை. எல்லாரும் பாக்கிறப்ப ஆளை மாத்திப் பிடிச்சுட்டா என்ன பண்றதுன்னு எனக்கு ஒரே பயமா இருக்கு அண்ணான்னேன். அதுக்கு உங்கப்பா சொல்றான், மூணு வாரமா அவன் பிடரியை நீ பாத்த மாதிரி அவனைப் பெத்தவகூடப் பாத்திருக்க மாட்டா, நீ பின்பக்கமாப் போய்ப் பிடின்னு.